ஒளிப்பூங்காவும் இருளின் உரிமையும்



பத்தாண்டுகளாக இலக்கியத்தையே பேசிவந்த ஒரு வட்டத்தின் விழா மேடையில் மின்விளக்குப் பூங்காக்களைப் பற்றிய உரை எதற்கு என்னும் ஐயம் சிலருக்கு எழக்கூடும். விளக்கு என்பது தமிழ் இலக்கியத்திற்குப் புதிய பொருள் அன்று. நெடுநல்வாடையில் யவனர் செய்த பாவை விளக்கு எரிகின்றது. சிலப்பதிகாரத்தில் புகார்க் கடற்கரையின் விளக்குகள் ஒரு பட்டியலாகவே விரிகின்றன. பெரும்பாணாற்றுப்படையில் தொண்டை நாட்டுக் கடற்கரையில் ஒரு மாடத்து விளக்கு நின்று ஒளிர்கின்றது. ஒளியை எங்கே ஏற்றுவது, எதற்காக ஏற்றுவது என்பது தமிழர் நெடுங்காலம் எண்ணிப் பார்த்த செய்தியே ஆகும்.

இன்று உலகின் பல நகரங்களில் பொதுப் பூங்காக்கள் இரவில் புதுக்கோலம் கொள்கின்றன. மரங்களின் மேல் ஒளி வீசுவதோடு நில்லாமல், ஒளியையே மூலப்பொருளாகக் கொண்டு ஏக்கர் கணக்கில் படைப்புகள் அமைக்கப்படுகின்றன. கல்லும் உலோகமும் சிற்பிக்கு எவ்வாறோ, அவ்வாறே கண்ணாடி இழையும் சிறு விளக்குகளும் இக்கலைஞர்க்கு அமைகின்றன. மக்கள் நடந்து உள்ளே சென்று, படைப்பின் நடுவே நின்று காண்பது இக்கலையின் தனித்தன்மை. இத்தகைய ஒளிப்பூங்காவைத் தமிழ் மண்ணில், குறிப்பாக இக்கடற்கரைப் பகுதியில், எந்த அளவுகோல் கொண்டு மதிப்பிடுவது என்பதே இவ்வுரையின் பொருள்.

நாவலூர் இக்கேள்விக்கு மிகப் பொருத்தமான இடம். பெயரிலேயே நாவல் மரத்தைத் தாங்கிய ஊர் இது. ஏரியும் வயலுமாக இருந்த சிற்றூர், பழைய மாமல்லபுரம் சாலை இராஜீவ் காந்தி சாலையாக விரிந்த பின்னர், கணினித் தொழிலின் அடுக்குமாடிகளுக்கு நடுவே நிற்கின்றது. தெற்கே சிறுசேரியின் தொழிற்பூங்கா. கிழக்கே பக்கிங்காம் கால்வாய். அதனைக் கடந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலை. அதற்கும் அப்பால் வங்கக் கடல். அந்திக்குப் பின் ஒரு மாடியில் ஏறி நின்று பார்ப்பவர்க்கு மேற்கும் வடக்கும் வெளுத்த வானமாகவும், கடல் இருக்கும் கிழக்குத் திசை மட்டும் ஓரளவு இருண்டதாகவும் தோன்றும். அந்தக் கிழக்குத் திசையின் இருளை நம்பி வாழும் உயிர்கள் இருக்கின்றன. ஒளிக்கலையைப் பற்றிய பேச்சு இக்கரையில் அவ்வுயிர்களையும் உள்ளடக்கியதாகவே இருத்தல் வேண்டும்.

தொழில் உடைய விளக்கு

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், கோவலனும் மாதவியும் செல்லும் புகார்க் கடற்கரையில் இரவெல்லாம் விளக்குகள் எரிகின்றன. வண்ணமும் சாந்தும் மலரும் சுண்ணமும் விற்போர் வைத்த விளக்கு, பொன் வேலை செய்யும் கம்மியர் விளக்கு, பிட்டு விற்போர் விளக்கு, அப்பம் சுடுவோரின் அகல், மீன் விற்போர் விளக்கு, கடலில் மீன் பிடிக்கும் திமில்களின் விளக்கு, வேற்று மொழி பேசும் நாட்டினர் அணையாது வைத்த விளக்கு, பண்டகசாலைக் காவலர் விளக்கு என அப்பட்டியல் நீள்கின்றது. இவ்விளக்குகளின் ஒளியில், மணலில் விழுந்த வெண்சிறுகடுகையும் கண்டெடுக்கலாம் என்கிறார் இளங்கோவடிகள்.

இப்பட்டியலில் ஒவ்வொரு விளக்கிற்கும் உரியவர் ஒருவர் இருக்கின்றார். ஒவ்வொன்றிற்கும் ஒரு தொழில் இருக்கின்றது. உரியவரோ தொழிலோ இல்லாத விளக்கு என ஒன்றேனும் அங்கு இல்லை. அப்பம் சுட்டு முடிந்தால் அகல் அணையும். திமில் கரை சேர்ந்தால் அதன் விளக்கும் தணியும்.

பெரும்பாணாற்றுப்படை பாடும் விளக்கு இக்கரைக்கு இன்னும் நெருங்கியது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய அந்நூலில், நீர்ப்பெயற்று என்னும் கடற்கரைப் பட்டினம் வருகின்றது. ஏணி சார்த்தி ஏற வேண்டிய, மேலே கூரை வேயாத உயர்ந்த மாடத்தில் இரவில் ஏற்றிய தீ, கடலில் ஓடும் கலங்களைத் துறை நோக்கி அழைக்கின்றது. அந்நீர்ப்பெயற்றை மாமல்லபுரத்தோடு தொடர்புபடுத்திக் காணும் ஆய்வாளர் உண்டு. மாமல்லபுரத்துக் குன்றின்மேல் நிற்கும் பல்லவர் காலத்து ஒலக்கண்ணேசுவரர் கோயிலின் உச்சியிலும் கலங்களுக்கு வழிகாட்டும் தீ எரிந்தது என்பது மரபுவழிச் செய்தி. 1887ஆம் ஆண்டில் அக்கோயிலின் மேலேயே கலங்கரை விளக்கம் அமைக்கப்பட்டது. அதன் அருகில் பின்னர் எழுப்பப்பட்ட கல் கோபுரம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அப்பணியைச் செய்துவருகின்றது.

கலங்கரை விளக்கின் ஆற்றல் அதன் தனிமையில் இருக்கின்றது. கரை முழுவதும் ஒளிமயமானால் எது துறை, எது பாறை என்று மாலுமிக்குத் தெரியாது. ஓர் ஒளி பொருள் உடையதாக இருக்க வேண்டுமாயின் அதனைச் சுற்றி இருள் இருக்க வேண்டும் என்பதை இக்கரையின் மிகப் பழைய விளக்கே உணர்த்துகின்றது.

இருளை ஆயத்தம் செய்த விளக்கு

தொழிலுக்கு ஏற்றிய விளக்கு ஒருவகை. காண்பதற்கென்றே ஏற்றிய விளக்கு மற்றொரு வகை. இரண்டாம் வகையிலும் தமிழர்க்குப் பெரிய மரபு உண்டு. திருவண்ணாமலைக் கார்த்திகைத் தீபம் அவற்றுள் தலையாயது. 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சிக்குக் கொப்பரையும், ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும், காடாத் துணித் திரியும் கொண்டு செல்லப்படுகின்றன. மாலை 6 மணிக்கு, கோயிலில் அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்களே வெளிவந்து காட்சி தரும் வேளையில், உச்சியில் தீபம் ஏறுகின்றது. அதனைக் கண்ட பின்னரே ஊரார் தம் வீட்டு விளக்குகளை ஏற்றுகின்றனர். இடப்பரப்பால் நோக்கினும், காணும் மக்கள் தொகையால் நோக்கினும் இதற்கு நிகரான ஒளிப்படைப்புகள் உலகில் மிகச் சிலவே.

இங்கு ஓர் அரிய நுட்பம் அமைந்துள்ளது. மலைத்தீபம் ஏறும் வரையில் ஊர் காத்திருக்கின்றது. அந்தி மங்குகின்றது; இல்லங்கள் விளக்கேற்றாது பொறுத்திருக்கின்றன; பல இலட்சம் கண்கள் இருண்டுவரும் ஒரே உச்சியை நோக்கி நிற்கின்றன. நெய்யும் திரியும் படைப்பில் ஒரு பாதி என்றால், அந்தக் காத்திருப்பும் கவிந்துவரும் இருளும் மறு பாதியாகும்.

வள்ளலார் வடலூரில் 1872ஆம் ஆண்டு தைப்பூச நாளில் தொடங்கிய சத்திய ஞான சபை இதே நுட்பத்தை இன்னும் உள்முகமாகக் காட்டுகின்றது. அங்கு சோதிக்கு முன்னே ஏழு திரைகள் தொங்குகின்றன. தைப்பூசத்தன்று அவை ஒவ்வொன்றாக விலக்கப்பட்ட பின்னரே சோதி தரிசனம் கிடைக்கின்றது. சோதி சிறியது, ஆயினும் திரை விலக விலகக் காண்பவர் கண்ணும் கருத்தும் அதற்கு ஆயத்தமாகின்றன. ஒளிக்கலை பயில்வோர் வடலூரில் கற்க வேண்டிய பாடம் உண்டு. விளக்கின் எண்ணிக்கையைக் கூட்டாமலே ஒளியின் மதிப்பைக் கூட்ட இயலும் என்பதே அப்பாடம்.

மின்சாரம் வந்த பின்

மின்விளக்கு வந்ததும் அழகுக்கென ஒளியூட்டுதல் எளிதாயிற்று. இந்தியப் பொதுப் பூங்காக்களுள் இதற்குப் பெயர் பெற்றது மைசூர்ப் பிருந்தாவனம். காவிரியின் குறுக்கே எழுந்த கிருஷ்ணராஜ சாகர் அணையின் அடியில், திவான் மிர்ஸா இஸ்மாயில் காலத்தில், 1927இல் தொடங்கி 1932இல் நிறைவு பெற்ற பூங்கா அது. ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்பு. காசுமீரத்து மொகலாயத் தோட்டங்களை நினைவூட்டும் அடுக்கு மேடைகள். நடுவே இறங்கிவரும் நீரோட்டம். இருட்டியதும் நீரூற்றுகள் பல வண்ண ஒளி பெறும். தமிழ்த் திரைப்படங்கள் பல அங்கே படமாக்கப்பட்டமையால், மைசூரைக் காணாத தமிழர்க்கும் அப்பூங்கா அறிமுகமானது.

அப்பூங்காவின் பின்னணியை எண்ணிப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும். காவிரியின் சிவசமுத்திர அருவியில் 1902இல் மின் நிலையம் தொடங்கப்பட்டது. அம்மின்சாரம் முதலில் கோலார் தங்க வயலுக்குச் சென்றது. 1905இல் பெங்களூரின் தெருக்களில் ஒளிர்ந்தது. ஆயினும் 1932இல் தென்னிந்தியச் சிற்றூர்களில் பெரும்பாலானவை மின்விளக்கை அறியாதவை. அவற்றிலிருந்து மாட்டு வண்டியிலும் புகைவண்டியிலும் வந்து, நீர் நிறம் மாறுவதைக் கண்டு நின்றவர்க்கு அது வியப்பின் உச்சம். ஆற்றின் நீரே ஒளியாகித் திரும்பவும் நீரின் மேல் விழும் காட்சி என்று அதனைக் கூறலாம். அக்காட்சியும் மாலையில் குறித்த நேரமே நடைபெறும். காட்சி முடிந்தபின் பூங்கா மீண்டும் இரவிடம் ஒப்படைக்கப்படும்.

நாவலூரில் இன்று வாழும் குழந்தையின் நிலை இதற்கு நேர்மாறானது. அக்குழந்தைக்கு வண்ண ஒளி வியப்பன்று. கடைத்தெருவும் விளம்பரப் பலகையும் கைப்பேசியும் அதனை ஓயாது தந்துகொண்டிருக்கின்றன. அதற்குக் கிட்டாதது விண்மீன் நிறைந்த வானமே. ஆகையால் 1932இல் வியப்பூட்டிய முறையை இன்று அப்படியே பின்பற்றினால், ஏற்கெனவே வெளுத்துக் கிடக்கும் இரவில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் சேருமே ஒழியக் கலை பிறவாது.

சிங்கப்பூரும் உளுருவும்

காலத்தின் இம்மாற்றத்தை உணர்ந்து அமைக்கப்பட்ட இரு படைப்புகளை இங்கு எடுத்துக்காட்டலாம். ஒன்று தமிழும் ஆட்சிமொழியாக விளங்கும் சிங்கப்பூரில் உள்ளது. கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் 2012ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ‘கார்டன்ஸ் பை த பே’ என்னும் பூங்காவில், 25 முதல் 50 மீட்டர் உயரமுள்ள 18 ‘சூப்பர் மரங்கள்’ நிற்கின்றன. எஃகும் கற்காரையும் கொண்ட அவ்வுருவங்களின் உடலெங்கும் உண்மையான கொடிகளும் பெரணிகளும் பூச்செடிகளும் வளர்கின்றன. சிலவற்றின் உச்சியில் சூரிய ஒளித் தகடுகள் பகலில் மின்சாரம் திரட்டுகின்றன. இரவில் இருமுறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேர அளவில், இசைக்கேற்ப அம்மரங்கள் ஒளிர்கின்றன. அதனைக் காணக் கட்டணம் இல்லை. மக்கள் புல்தரையில் படுத்து அண்ணாந்து பார்க்கின்றனர்.

அங்குப் போற்றத்தக்கவை இரண்டு. ஒளி இல்லாத பகலிலும் அப்படைப்பு தோட்டமாகவே வாழ்கின்றது. ஒளி வரும்போதும் தொடக்கமும் முடிவும் உடைய ஒரு கச்சேரிபோல் வந்து நிறைவு பெறுகின்றது. எனினும் அது முழுமையும் மனிதர் படைத்த நிலம். ஒளி வெள்ளத்தில் மிதக்கும் ஒரு மாநகரின் மையம். அங்குப் பொருந்தியது எங்கும் பொருந்தும் எனக் கொள்ளுதல் கூடாது.

மற்றொன்று ஆஸ்திரேலியாவின் நடுப்பாலையில், உளுரு என்னும் செம்பாறைக்கு அண்மையில் உள்ளது. ஆங்கிலேயக் கலைஞர் புரூஸ் மன்றோ 1992இல் அங்குப் பயணம் செய்தபோது, வறண்ட நிலத்தில் மழைக்குக் காத்திருக்கும் விதைகளைப் போல ஒளி முளைக்கும் ஒரு வயலைக் கற்பனை செய்தார். ‘ஒளி வயல்’ என்னும் அப்படைப்பு பிற இடங்களில் உருப்பெற்றபின், 2016இல் அது கருவான இடத்திற்கே திரும்பியது. தண்டின் மேல் உறைந்த கண்ணாடி உருண்டைகளாக 50,000 சிறு விளக்குகள் அங்கு நடப்பட்டன. அவற்றுக்குச் சூரிய ஒளியே ஆற்றல். ஒவ்வொரு விளக்கும் மங்கலானது. ஐம்பதாயிரம் சேர்ந்தும் அவை விண்மீன்களை மறைப்பதில்லை. அந்நிலத்தின் தொல்குடிகளான அனங்கு மக்களின் பிட்ஜன்ஜாரா மொழியில் அதற்கு ஒரு பெயரும் சூட்டப்பட்டுள்ளது. அழகிய விளக்குகள் பலவற்றைக் காணுதல் என்பது அப்பெயரின் பொருள்.

இவ்விரண்டையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். பெருநகரின் மையத்தில் ஒளி ஒரு விழாவாகலாம். இருளே செல்வமாக உள்ள நிலத்தில் ஒளி விருந்தினனாக, அடங்கிய குரலில் நுழைய வேண்டும். கருத வேண்டியது மாமல்லபுரக் கரை இவற்றுள் எவ்வகையைச் சேர்ந்தது என்பதே.

மாமல்லையின் கல்லும் கடலும்

2019ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோது, கடற்கரைக் கோயில் ஒளியூட்டப்பட்டு அதன் முன்னே கலைநிகழ்ச்சி நடந்தது. 2022இல் சதுரங்க ஒலிம்பியாட் போட்டியும் அவ்வூரிலேயே நிகழ்ந்தது. உலகின் கண் மீண்டும் மீண்டும் அவ்வூரின் மேல் விழும்போது, அதற்கு இன்னும் ஒளி சேர்க்கலாம் என்னும் எண்ணம் எழுவது இயல்பு. சேர்க்கும் ஒளி எத்தகையது என்பதைக் கல்லே கற்பிக்கின்றது.

அருச்சுனன் தபசு எனப்படும் பெரும்புடைப்புச் சிற்பத்தைக் காலையில் காண்பவர் ஒன்றை உணர்வர். கதிரவன் சாய்ந்து நோக்கும் வேளையில் யானையின் வயிறும் முனிவரின் விலா எலும்பும் நிழலால் திரண்டு உயிர் பெறுகின்றன. உச்சி வெயிலின் வெள்ளத்தில் அதே பாறை தட்டையாகின்றது. புடைப்புச் சிற்பம் நிழலால் வாழ்வது. நேர் எதிரே நின்று வீசும் வலிய விளக்கு அந்நிழலைத் துடைத்துவிடும்; வண்ண விளக்கு கல்லின் நிறத்தையே மறைத்துவிடும். பல்லவச் சிற்பி கதிரவனுக்கென அளந்து செதுக்கிய ஆழத்தை மதிக்கும் ஒளி, பக்கவாட்டில் இருந்து, மெலிந்து வருவதாகவே இருக்கும்.

கல்லுக்கு நேரும் குறையை மறுநாள் விளக்கை நீக்கித் திருத்திவிடலாம். உயிருக்கு நேர்வதை அவ்வாறு திருத்த இயலாது. சனவரி முதல் ஏப்ரல் வரையிலான திங்கள்களில் பங்குனி ஆமைகள் இக்கரைக்கு வருகின்றன. ‘ஆலிவ் ரிட்லி’ என்று நூல்கள் கூறும் இவ்வாமை, இரவில் மணலேறிக் குழி தோண்டி, நூறு முட்டைகள் அளவில் இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகின்றது. ஏறத்தாழ ஐம்பது நாட்களில் குஞ்சுகள் பெரும்பாலும் இரவில் மணலைப் பிளந்து வெளிவருகின்றன. தாய் உடன் இல்லை. வழி சொல்வார் இல்லை. தாழ்ந்த அடிவானத்தில் எந்தத் திசை வெளுத்திருக்கின்றதோ அத்திசையே கடல் என்பது அவற்றின் உடலில் எழுதப்பட்ட ஒரே விதி. நிலவும் விண்மீனும் மட்டுமே ஒளி தந்த காலமெல்லாம் அவ்விதி பொய்த்ததில்லை. கரையில் விடுதியும் சாலையும் பூங்காவும் ஒளிரும்போது குஞ்சு நிலம் நோக்கி நடக்கின்றது. நாய்க்கும் காகத்திற்கும் வண்டிச் சக்கரத்திற்கும் இரையாகின்றது; அல்லது விடிந்தபின் வெயிலில் காய்ந்து மடிகின்றது.

இக்கேட்டைத் தணிக்கச் சென்னையில் 1988ஆம் ஆண்டு முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று செயல்பட்டு வருகின்றது. இளைஞர் பலர் பருவந்தோறும் இரவில் கரையோரம் பல கிலோமீட்டர் நடந்து, முட்டைகளைத் தேடி எடுத்துப் பாதுகாப்பான பொரிப்பிடத்தில் புதைத்து, வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். ஒரு தலைமுறைக்கும் மேலாக இந்நடை தொடர்கின்றது. கரையில் தேவையற்று எரியும் ஒவ்வொரு விளக்கும் இவ்விளைஞரின் உழைப்பை வீணாக்கும் என்பதை ஒளிப்பூங்கா அமைப்போர் உணர்தல் வேண்டும்.

ஆமை ஒன்று மட்டும் அன்று. நாவற்பழம் பழுக்கும் காலத்தில் இரவில் வரும் பழந்தின்னி வௌவால் அப்பழத்தின் கொட்டையைத் தொலைவுக்குக் கொண்டு சென்று விதைக்கின்றது. இரவில் மலரும் பூக்களை நாடி அந்துப்பூச்சிகள் வருகின்றன. வலிய விளக்கைக் கண்டால் பூவை மறந்து விளக்கையே சுற்றிச் சோர்கின்றன. வேடந்தாங்கலுக்கும் கரிக்கிலிக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திற்கும் வலசை வரும் பறவைகளுள் பல இரவிலேயே பறப்பவை. இம்மூன்று நீர்நிலைகளும் 2022ஆம் ஆண்டு ராம்சர் பட்டியலில் இடம் பெற்றன. நாவலூர் வானம் அப்பறவைகளின் வழியில் உள்ள வானம்.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

இவ்விடத்தில் நேர்மையான ஒரு மறுப்பு எழும். இருளைப் போற்றுவது வசதி படைத்தோர் பேச்சு. இருண்ட சாலையில் வேலை முடிந்து திரும்பும் பெண்ணுக்கு இருள் அச்சமே தரும். மண்ணெண்ணெய் விளக்கில் படித்த தலைமுறைக்கு வெளிச்சம் வாழ்வு தந்தது. உழைக்கும் மக்கள் ஒரு மாலையேனும் கட்டணமின்றிக் கண்டு களிக்கும் காட்சியை ஆமையின் பெயரால் பறிக்கலாமா என்பதே அம்மறுப்பு.

இதனைத் தள்ளிவிட முடியாது. சாலை விளக்கு தொழில் உடைய விளக்கு. புகார்க் காவலரின் விளக்கைப் போன்றது. அது எரிய வேண்டும். ஆனால் அதன் ஒளி சாலையில் விழ வேண்டும். வானத்திலும் கடலிலும் விழுவது எவர்க்கும் காவல் ஆகாது. மேலே மூடியிட்டுக் கீழ்நோக்கி அமைத்த விளக்கு, கண் கூசச் செய்யாமல், குறைந்த மின்சாரத்தில் பாதையை நன்கு காட்டும். பெண்ணின் பாதுகாப்பும் ஆமைக்குஞ்சின் உயிரும் ஒன்றற்கொன்று பகை அல்ல.

மக்களின் களிப்பைப் பொறுத்தவரை, தமிழ் மக்களே அதற்கு விடை கூறியுள்ளனர். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாயில் தங்கும் பறவைகள் அஞ்சும் என்பதற்காகப் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அவர்கள் செல்வர் அல்லர்; சூழலியல் நூல் கற்றவரும் அல்லர். விருந்தினரான பறவைக்காகத் தம் திருநாளின் ஓர் இன்பத்தைத் தாமே விட்டுக்கொடுத்தவர்கள். அவ்வூரில் தீபாவளி இல்லாமல் போகவில்லை.

இருளும் ஒரு பொதுச்சொத்து என்பதற்குத் தமிழகத்திலேயே வேறொரு சான்றும் உண்டு. சவ்வாது மலையின் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986ஆம் ஆண்டு முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கிவருகின்றது. கணித மேதை இராமானுசன் பெயர் தாங்கிய சிறுகோள் 1988இல் அங்கிருந்தே கண்டறியப்பட்டது. அம்மலையின் இருள் இல்லையேல் அக்காட்சி இல்லை. ஆனைமலைக் காட்டில் கோடைமழைக்கு முன் பெருந்திரளான மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணையும் காட்சியும் அத்தகையதே. 2022ஆம் ஆண்டில் அதனைப் பற்றிய செய்தி பலரை வியப்பில் ஆழ்த்தியது. மின்கம்பியும் கட்டணமும் இல்லாத அவ்வொளிப்பூங்காவுக்கு வேண்டியது இருட்டு ஒன்றே.

வேண்டிய அளவுகோல்

மேற்கூறியவற்றிலிருந்து இக்கரைக்குரிய அளவுகோல் ஒன்றை வகுக்கலாம். ஒளிப்பூங்கா அமைவதாயின், அது கடற்கரை மணலை விட்டு, பக்கிங்காம் கால்வாய்க்கு மேற்கே, ஏற்கெனவே ஒளி நிறைந்த சாலையை ஒட்டி அமைதல் நன்று. கடல் நோக்கி ஒளி கசியாதவாறு மரவேலி சூழ வேண்டும். வெள்ளையும் நீலமும் கலந்த ஒளி வானில் மிகுதியாகச் சிதறும். ஆமையையும் பூச்சியையும் மிகுதியாக ஈர்க்கும். ஆகவே மஞ்சளும் செம்மஞ்சளும் ஆகிய அகல்விளக்கின் நிறமே முதன்மை பெற வேண்டும். அந்நிறமே தமிழர் கண்ணுக்குப் பழகியதும் ஆகும்.

காட்சி சிங்கப்பூரில் போல் தொடக்கமும் முடிவும் உடையதாதல் வேண்டும். முன்னிரவில் ஒரு மணி நேரம் போதும். ஆமைப் பருவத்தில் அக்காட்சிக்கும் ஓய்வு வேண்டும். கார்த்திகையை ஒட்டித் தொடங்கி மார்கழியோடு நிறைவுறுமாறு ஆண்டு நிகழ்ச்சியை அமைத்தால், தமிழர் திருநாளும் ஆமையின் நாட்காட்டியும் பெரிதும் இணங்கும். உயிருள்ள மரங்களின் உடலில் கம்பி சுற்றி இரவெல்லாம் விளக்கு எரிப்பதைத் தவிர்க்க வேண்டும். ஒளிக்கென நடப்படும் தண்டுகளும் உருவங்களும் அதற்குப் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பூங்காவின் ஒரு பகுதி விளக்கே இல்லாததாக இருக்க வேண்டும். ஒளி வயலைக் கடந்து வருவோர் அங்கே வந்து சிறிது நேரம் அமர வேண்டும். கண் இருளுக்கு முழுமையாகப் பழகுவதற்கு ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தில் ஒரு குழந்தை முதன்முறையாகக் கார்த்திகை மீன்கூட்டத்தைக் காணக்கூடும். பாட்டி சொன்ன ஆறு மீன்களையும் எண்ணிப் பார்க்கக்கூடும். வடலூரின் திரைகள் செய்யும் பணியை அப்பூங்காவின் இருண்ட பகுதி செய்யும்.

இத்தகைய பூங்கா உருவாவதில் இலக்கிய வட்டங்களுக்கும் பங்கு உண்டு. ஓர் ஊர் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை அவ்வூரின் சொல் வல்லாரே முதலில் எடுத்துரைக்க வேண்டும். பொறியாளர் விளக்கின் எண்ணிக்கையைக் கணக்கிடுவார்; ஒப்பந்தக்காரர் அதன் விலையைக் கணக்கிடுவார். எந்த விளக்கிற்கு என்ன தொழில் என்னும் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர்கள் கடலாடு காதையைப் படித்தவர்கள்.

அன்று புகார் மணலில் விழுந்த வெண்சிறுகடுகைக் காட்டியது விளக்கொளி. இன்று கோவளத்து மணலிலும் நெம்மேலி மணலிலும் கைக்குள் அடங்கும் அளவே உள்ள ஆமைக்குஞ்சு ஒன்று தலை தூக்கிக் கடலைத் தேடுகின்றது. அதற்கு வழி காட்டப் புதிய விளக்கு எதுவும் ஏற்ற வேண்டியதில்லை. கரையோரத்து விளக்கைக் கொஞ்ச நேரம் அணைத்து வைத்தாலே போதும். அக்குஞ்சு கடலைச் சேரும் கரையில் எழும் ஒளிப்பூங்காவே தமிழ் மண்ணுக்கு உரிய ஒளிப்பூங்காவாகும்.